லட்சத்துக்குள் ஒரு மீன் இருக்கிறதா?

நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'டாக்' எங்கிருந்து வந்தது என்று எந்த நல்ல அகராதியும் அறுதியிட்டுச் சொல்வதில்லை. ஸ்பானியத்தின் 'பெர்ரோ', ரஷ்யத்தின் 'சபாகா', இந்தியின் 'குத்தா' எல்லாவற்றின் பிறப்பிலும் தகராறு உண்டு. மனிதனோடு வேறெந்த விலங்கையும்விட நீண்ட காலம் கூடவே வாழ்ந்த பிராணி அது. அதன் பெயர்தான், இந்தியிலிருந்து ஆங்கிலம்வரை ஒரே மூலமொழியிலிருந்து பிரிந்த இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் திரும்பத் திரும்ப உதிர்ந்து, வேறொன்றாக முளைத்திருக்கிறது.

இத்தனைக்கும் பழைய பெயர் நன்றாகவே கிடைக்கிறது. சமஸ்கிருதத்தில் 'ச்வன்', கிரேக்கத்தில் 'குஓன்', லிதுவேனியத்தில் 'ஷுஓ', பழைய ஐரிஷில் 'கூ', ஆர்மீனியத்தில் 'ஷுன்', ஜெர்மனில் 'ஹுண்ட்'. (தமிழெழுத்தில் இந்த ஒலிகளை முழுதாகக் காட்ட முடியாது. இயன்ற அளவு நெருக்கமாக எழுதுகிறேன்.) இவை ஒரே சொல் என்று நாம் நம்புவதற்குப் பொருள் ஒன்றாக இருப்பது காரணமல்ல, ஓசை கொஞ்சம் ஒத்துப்போவதும் காரணமல்ல. சமஸ்கிருதம், கிரேக்கம், லிதுவேனியம், ஜெர்மன் நான்கின் முதல் எழுத்தை மட்டும் வரிசையாக வையுங்கள்: ச, க, ஷ, ஹ. இப்போது 'நூறு' என்பதற்கான சொற்களை எடுங்கள்: சமஸ்கிருதம் 'சதம்', கிரேக்கம் 'ஹெ-கதோன்', லிதுவேனியம் 'ஷிம்தஸ்', ஜெர்மன் 'ஹுண்டர்ட்'. அதே ச, க, ஷ, ஹ. நாய்க்கும் நூறுக்கும் பொருளில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் ஒலி ஒரே தடத்தில் மாறியிருக்கிறது. இதுதான் ஒலிமாற்ற விதி. அடுத்து வேற்றுமை உருபேற்ற வடிவத்தைப் பார்க்க வேண்டும். 'நாயினுடைய' என்பது சமஸ்கிருதத்தில் 'சுனஸ்', கிரேக்கத்தில் 'குனோஸ்', லிதுவேனியத்தில் 'ஷுன்ஸ்'. எழுவாயில் ஒரு வடிவம், வேற்றுமையில் சுருங்கிய இன்னொரு வடிவம் என்ற கோணல் மூன்றிலும் ஒரேபோல இருக்கிறது. கடன் வாங்கும்போது சொல் வரும், இந்தக் கோணல் கூடவே வருவது அரிது.

இவ்வளவு உறுதியான குடும்பத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. லத்தீனின் 'கனிஸ்'. விதிப்படி அங்கே வரக்கூடாத ஓர் அகரம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. குட்டியைக் குறிக்கும் 'கதுலுஸ்' என்ற சொல்லின் சாயல் படிந்தது என்பார் சிலர், வேற்றுமை வடிவங்களில் நடந்த ஒலி மாற்றம் எழுவாய்க்கும் பரவியது என்பார் சிலர். இருதரப்பும் இன்னும் வழக்காடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஓசை ஒற்றுமையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சாட்சி இருக்கிறது. குயின்ஸ்லாந்தின் கெய்ன்ஸ் நகருக்கு உள்நாட்டுப் பக்கம் பேசப்பட்ட ம்பாபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்கு 'டாக்' என்றுதான் பெயர். ஆங்கிலத்திடமிருந்து வாங்கியதல்ல. மொழியியலாளர் ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் இதன் தடத்தைக் காட்டினார். அண்டை மொழியான யிதினியில் நாய் 'குடாகா'. ம்பாபரம் சொற்களில் முதல் அசை விழுந்துவிடும். விழுந்த அசை 'க' ஒலியில் தொடங்கியிருந்தால் அடுத்து வரும் அகரம் ஒகரமாகும். மேற்கு என்ற பொருளுள்ள 'குவா' அங்கே 'வோ' ஆகிறது. கிழக்கைக் குறிக்கும் 'நகா'வோ 'ந' ஒலியில் தொடங்குவதால் வெறும் 'கா' என்று நிற்கிறது. அதே கணக்கில் 'குடாகா'விலிருந்து 'டொக்', அதாவது நாம் 'டாக்' என்று எழுதுவது. ஆங்கிலத்தோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போனாலும் உறவு துளியும் இல்லை.

ஆங்கில 'டாக்' கதைக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் நாய் என்றால் 'ஹுண்ட்'தான். 'டொக்கா' என்பது 11ஆம் நூற்றாண்டு வாக்கில் மிக அரிதாகத் தலைகாட்டுகிறது. 16ஆம் நூற்றாண்டுக்குள் அதுவே பொதுப்பெயராகி, பழைய சொல் வேட்டைநாயை மட்டும் குறிக்கும் 'ஹவுண்ட்' ஆகச் சுருங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் இந்தச் சொல் தனியாக வரவில்லை. தவளைக்கு 'ஃப்ரொக்கா', ஆண்மானுக்கு 'ஸ்டக்கா', பன்றிக்கு 'ஹொக்' என்று இரட்டித்த ககரத்தோடு ஒரு கூட்டமே பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. இன்றைய 'பிக்' என்ற சொல்லும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாகவே கருதப்படுகிறது. கிருஷ்ணன் கிட்டுவாகவும் லட்சுமி லச்சுவாகவும் நம் வீடுகளில் மாறுவதைப் போல, செல்லமாகச் சுருக்கி மெய்யை இரட்டிக்கும் வழக்கம் இது. போலந்து மொழியியலாளர் பியோத்ர் கோன்ஷோரோஃப்ஸ்கி 2006இல் சொன்ன விளக்கம் இந்த வழியில்தான் போகிறது. மங்கலான கருநிறத்தைக் குறித்த 'டொக்ஸ்' என்ற பழைய சொல்லின் செல்ல வடிவம்தான் 'டொக்கா' என்கிறார். தவளைக்கு 'ஃப்ரொஸ்க்', 'ஃப்ரொக்கா' இரண்டும் ஒரே காலத்தில் வழங்கியது அவர் பக்கத்துக்கு வலு. இதுவரை சொல்லப்பட்டவற்றில் எனக்கு மிகவும் ஏற்புடையது இதுதான். இருந்தாலும் 'கறுப்பன்' என்ற செல்லப்பெயர் எல்லா நாய்க்கும் பொதுப்பெயரான அந்த இடைக்கட்டத்துக்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை.

கரடியின் சிக்கல் வேறு வகை. சமஸ்கிருத 'ருக்ஷ', கிரேக்க 'ஆர்க்தோஸ்', லத்தீன் 'உர்சுஸ்', வெல்ஷ் 'ஆர்த்', ஆர்மீனிய 'ஆர்ஜ்' எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகள். நடுவில் இருக்கும் மெய்யெழுத்துகள்தான் நீண்ட காலம் படுத்தின. சமஸ்கிருதம் க்ஷ என்கிறது, கிரேக்கம் க்த என்கிறது. இதற்காகவே மூலமொழியில் ஒரு தனி ஒலி இருந்ததாக 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் கற்பித்துக்கொண்டார்கள். 1915இல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி, இன்றைய துருக்கியில் முற்காலத்தில் வழங்கிய ஹிட்டைட் மொழியைப் படித்துக் காட்டிய பிறகு, 'ஹர்த்தக்க' என்ற ஒரு காட்டு விலங்கின் பெயர் கிடைத்தது. அங்கே தகரம் முன்னால், ககரம் பின்னால். கிரேக்கம் இடம் மாற்றி வைத்திருந்தது என்று தெரிந்தது. 'பூமி' என்ற சொல்லிலும் இதே நிலைமை: ஹிட்டைட்டில் 'தேகன்', கிரேக்கத்தில் 'க்தோன்', சமஸ்கிருதத்தில் 'க்ஷம்'. கற்பித்த தனி ஒலி தேவையற்றுப் போனது.

இந்தப் பெயர் வானத்திலும் இருக்கிறது. நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்லும் விண்மீன் கூட்டம் கிரேக்கருக்குக் கரடி. வடதுருவத்துக்கு ஆர்க்டிக் என்ற பெயரே அதிலிருந்துதான். ரிக்வேதத்தின் முதல் மண்டலத்தில், உயரத்தில் வைக்கப்பட்டு இரவில் தெரியும் இந்த 'ருக்ஷ'ங்கள் பகலில் எங்கே போகின்றன என்று ஒரு கேள்வி வருகிறது. அங்கே சொல்லுக்குக் கரடி என்று பொருளா, விண்மீன் என்று பொருளா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் சதபத பிராமணம், ஏழு ரிஷிகளை முற்காலத்தில் ருக்ஷங்கள் என்று அழைத்தார்கள் என்று நேரடியாகவே எழுதிவைத்திருக்கிறது. ருக்ஷ என்பது ரிஷியாகக் காதில் விழுந்து, கரடிகள் முனிவர்களான கதை இது என்றே எனக்குப் படுகிறது.

வடக்கே போனால் இந்தச் சொல் மறைந்துவிடுகிறது. ஸ்லாவியரிடம் கரடி 'மெத்வெத்': மது, அதாவது தேன், 'எத்', அதாவது உண். உகரம் உயிருக்கு முன் வகரமாகிறது, நம் வடமொழிச் சந்தியில் மது + அத் 'மத்வத்' ஆவதைப் போலவே. ரிக்வேதத்தில் அதே 'மத்வத்' தேனுண்ணும் பறவைகளுக்கு வருகிறது. ஜெர்மானிய மொழிகளில் 'பேர்'. 1906இல் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே ஒரு விளக்கம் தந்தார்: கரடி நடமாடும் வடபகுதிகளில் வேட்டைக்காரர்கள் அதன் பெயரைச் சொல்லப் பயந்தார்கள், அதனால் சுற்றி வளைத்து வேறு பெயர் இட்டார்கள். ராத்திரியில் பாம்பைப் பாம்பென்று சொல்லாத நமக்கு இது எளிதில் புரியும். எளிதில் புரிவதாலேயே கவனமாக இருக்க வேண்டும். ஓநாய் கரடிக்குக் குறைந்த பயமா? வடக்கே அதன் பழம்பெயர் கெட்டியாக நிற்கிறது: லிதுவேனிய 'வில்கஸ்' நம் வடமொழி 'வ்ருக' என்பதன் உடன்பிறப்பேதான். மெய்யேயின் விளக்கம் 'மெத்வெத்'துக்குப் பொருந்துகிறது. அதை எடுத்துக்கொண்டுபோய், விதிக்கு அடங்காத ஒவ்வொரு விலங்குப் பெயருக்கும் 'பயந்து சிதைத்தார்கள்' என்று ஒட்டவைப்பது வேலையைத் தட்டிக்கழிப்பது.

ஜெர்மானிய 'பேர்' என்றால் 'பழுப்பன்' என்று பள்ளிப் புத்தகம்வரை வந்துவிட்டது. நீரில் அணைகட்டி வாழும் பீவர் என்ற விலங்கின் பெயருக்கு வடமொழியின் 'பப்ரு' இனச்சொல். அது பழுப்பு நிறத்தையும் கீரியையும் குறிக்கிறது. இந்த வேரைத்தான் கரடிக்கும் கொண்டுவருகிறார்கள். தொல்லை என்னவென்றால், பழுப்பு என்ற பொருளில் இந்த வேர் இரட்டிக்காமலும் விகுதி ஏற்காமலும் தனியாக நிற்பதற்குச் சான்று மிகவும் குறைவு. அதனால் டான் ரிங் என்ற அமெரிக்க அறிஞர் வேறு வழி காட்டினார்: கிரேக்க 'தேர்', லிதுவேனிய 'ஷ்வேரிஸ்', இரண்டுக்கும் 'காட்டு விலங்கு' என்று பொருள், அந்தக் குடும்பமே இது என்று. அப்படியானால் மூலமொழியின் அந்தத் தொடக்க ஒலி ஜெர்மானியத்தில் பகரமாக வேண்டும். ஆகிறதா இல்லையா என்பதே தனி வழக்கு. 'சூடு' என்ற பொருளுள்ள, நம் 'கர்ம'த்தின் (வெப்பம்) உறவான ஆங்கில 'வார்ம்' அதே போன்ற ஒலிக்கு வகரத்தைக் காட்டுகிறது.

இனி மீன். ஒரே ஒரு மீன் பெயரை வைத்து, மூல இந்தோ-ஐரோப்பியர் வாழ்ந்த நாடு எது என்று தீர்ப்பு எழுதப் பார்த்தார்கள். சால்மன் மீனுக்கு ஜெர்மனில் 'லக்ஸ்', ரஷ்யத்தில் 'லொசோஸ்', லிதுவேனியத்தில் 'லஷிஷா'. அட்லாண்டிக் சால்மன் வட கடலிலும் பால்டிக்கிலும் போய் விழும் ஆறுகளில் ஏறும். கருங்கடல், காஸ்பியன் ஆறுகளில் அது கிடையாது. 1883இல் ஜெர்மன் அறிஞர் ஒட்டோ ஷ்ராடர் இந்தச் சொல் வடக்கு மொழிகளோடு நின்றுவிடுவதைக் குறித்தார். அதை எடுத்துக்கொண்டு கார்ல் பெங்கா போன்றவர்கள் தாயகம் ஸ்காண்டிநேவியாவே என்றார்கள். அப்போதைய இனப்பெருமைக்கு அது வசதியாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு சீனத்தின் தாரிம் பள்ளத்தாக்கில் தோகாரியச் சுவடிகள் கிடைத்தன. 1908இல் ஜெர்மன் அறிஞர்கள் ஸீக், ஸீக்லிங் இருவரும் அது இந்தோ-ஐரோப்பிய மொழி என்று காட்டினார்கள். அதில் 'லக்ஸ்' என்ற சொல் இருந்தது. பொருள், வெறும் மீன். சால்மனே இல்லாத பாலைவன ஆற்றங்கரையில் பெயர் மட்டும் உயிரோடு இருந்தது. தாயகம் பால்டிக் பக்கமே என்ற கட்சி இதைத் தங்களுக்குச் சாதகமாக வைத்துக்கொண்டது: சால்மன் இல்லாத ஊருக்குப் போனதால் பொருள் பொதுவாகிவிட்டதாம்.

1950களில் ஜெர்மன் வடமொழி அறிஞர் பால் தீமே இன்னும் ஒரு படி ஏறினார். இந்தியாவிலும் இந்தச் சொல் இருக்கிறது என்றார். சிவந்த சாயம் தரும் 'லாக்ஷா', தமிழில் அரக்கு, சால்மனின் சிவந்த தசையை வைத்து வந்த பெயர். சூதாட்டத்தின் பணயத்தைக் குறிக்கும் ரிக்வேத 'லக்ஷ' என்ற சொல்லும் அதிலிருந்தே. நூறாயிரத்தைக் குறிக்கும் 'லக்ஷ', அதாவது நம் லட்சம், ஆறு கொள்ளாமல் திரண்டு ஏறும் மீன் கூட்டத்தை வைத்து வந்த எண். எகிப்தியர் தவளைக்குஞ்சின் படத்தையே நூறாயிரத்துக்குக் குறியாக எழுதியதை இணையாகக் காட்டினார்.

படிக்க அழகான வாதம். பொருளில் பாலம் கட்டும்போது எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கட்டிவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஒலியில் குறை சொல்ல முடியாது, லக்ஷ என்பது விதிப்படி வரக்கூடிய வடிவமே. காலத்தில்தான் இடிக்கிறது. யஜுர்வேதத்தின் எண்வரிசையில் நூறு, ஆயிரம், அயுதம் (பத்தாயிரம்) என்று ஏறி, நூறாயிரத்துக்கு வருவது 'நியுதம்'. லக்ஷ அங்கே இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகரின் கல்வெட்டு நூறாயிரத்தை 'சத சஹச' என்று கூட்டித்தான் எழுதுகிறது. மூதாதையர் மீன் துறையிலிருந்து கொண்டுவந்த எண் என்றால், அது இத்தனை நூற்றாண்டு எங்கே ஒளிந்திருந்தது? 'அடையாளம்' என்று பொருள்படும் லக்ஷ வேரிலிருந்தே பணயத்தையும் எண்ணையும் விளக்கலாம். அரக்குக்கு 'ராக்ஷா' என்ற வடிவமும் இருப்பதால், சாயமேற்றுவதைக் குறிக்கும் வடமொழி வினையோடு அதை இணைப்பவர்களும் உண்டு. லட்சத்துக்குள் மீன் இல்லை என்பதே என் முடிவு.

பால்டிக் வாதத்தை உடைத்தது சொல்லாய்வு அல்ல, மீனாய்வு. கருங்கடலிலும் காஸ்பியனிலும் கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் டிரவுட் இனங்கள் உண்டு. உருவிலும் வாழ்க்கையிலும் சால்மனைப் போலவே இருக்கும். அமெரிக்க மொழியியலாளர் ரிச்சர்ட் டீபோல்ட் 1970களிலும் 80களிலும் இதை விரிவாக எடுத்து எழுதி, மூலச்சொல் குறித்தது அந்த டிரவுட்டாக இருக்கலாம், வடக்கே போனவர்கள் பெரிய சால்மனைக் கண்டு பெயரை அதற்கு மாற்றியிருக்கலாம் என்றார். இத்தகைய மீனைக் காகசஸில் ஒசெத்தியர் 'லேசேக்' என்கிறார்கள், ஆர்மீனியர் 'லொஸ்தி' என்கிறார்கள். ஒசெத்தியம் இரானியக் கிளை. அந்தக் கிளையில் பழைய லகரம் பொதுவாக ரகரமாகிவிடும், இங்கே லகரமாகவே நிற்பதால் கடன் என்ற சந்தேகம் இருக்கிறது. மீனை வைத்துத் தாயகத்தைச் சுட்ட முடியாது என்பது மட்டும் உறுதியாகிவிட்டது.

அமெரிக்காவில் உப்பிட்ட சால்மனுக்கு 'லாக்ஸ்' என்பார்கள். எண்ணாயிரம் ஆண்டாக ஒலி மாறாத சொல் இது என்று இணையத்தில் அடிக்கடி சுற்றுகிறது. தவறு. மூலமொழியில் நடுவே இருந்தது அண்ணச் சாயல் கொண்ட ககரம், 'நூறு'க்கும் நாய்க்கும் பார்த்தோமே, அதே ஒலி. ஜெர்மானியத்தில் அது ஹகரமாகி 'லஹ்ஸ்' என்று ஆனது. பின்னால் ஹ்ஸ் என்ற சேர்க்கை க்ஸ் ஆகத் திரும்பியது. பழைய ஆங்கிலத்தின் 'லெயக்ஸ்' பொதுவழக்கிலிருந்து போய்விட்டது. இன்றைய 'லாக்ஸ்' 20ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழியிலிருந்து வாங்கியது. ஊரைவிட்டுப் போய்ச் சுற்றி வந்து அதே வாசலில் நிற்பவரை, அவர் நகரவே இல்லை என்று சொல்வதைப் போன்றது அந்தச் செய்தி.

கடைசியாக மயில். இதில் தமிழும் ஒரு கட்சி. 'மயூர' ரிக்வேதத்திலேயே இருக்கிறது. மூன்றாம் மண்டலத்தில் இந்திரனின் குதிரைகளுக்கு மயில்போன்ற மயிர். ஆனால் இரானியத்திலோ ஐரோப்பிய மொழிகளிலோ இதற்கு இனச்சொல் இல்லை. கிரேக்க 'தஓஸ்', லத்தீன் 'பாவோ' இரண்டும் இதோடும் ஒட்டவில்லை, ஒன்றோடொன்றும் ஒட்டவில்லை. நீலமயில் இந்தியத் துணைக்கண்டத்துப் பறவை. ஆகவே வந்தவர்கள் இங்கே கேட்டு வாங்கிய பெயர் என்பதில் பெரிய சண்டை இல்லை. யாரிடம் என்பதில்தான்.

திராவிடப் பக்கம் மயில், மஞ்ஞை, துளுவில் 'மைரு'. நடு, கிழக்கிந்தியப் பழங்குடிகளின் முண்டா மொழிகள் பக்கம் சந்தாலியில் 'மராக்', தொலைவில் பர்மாவின் மோன் மொழியில் 'ம்ராக்'. திராவிடக் கட்சிக்கு வலு, நடுவில் இருக்கும் யகரம். முண்டா வடிவத்தில் அது இல்லை. லகரம் ரகரமானதும் பொருட்டல்ல, ரிக்வேத வழக்கு லகரத்தைப் பல இடங்களில் ரகரமாக்கும். இடறும் இடம் 'யூ' என்ற நெடில். 'யி' என்ற குறிலிலிருந்து அது வர வழி காட்ட வேண்டும், அதை யாரும் நிறைவாகக் காட்டவில்லை. திராவிடத்துக்குள்ளும் தெலுங்கின் 'நெமலி', கன்னடத்தின் 'நவிலு' தனிக் கூட்டமாக நிற்கின்றன. நம் மொழி என்பதற்காகத் தராசைச் சாய்க்காமல் பார்த்தாலும் திராவிடப் பக்கம் கனமாகவே எனக்குத் தெரிகிறது, முடிந்த வழக்கு என்று மட்டும் சொல்லமாட்டேன்.

எபிரேய விவிலியத்தில் சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த 'துக்கி' என்பது தமிழின் தோகையே என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து எழுதிவருகிறார்கள். கால்டுவெல்லும் அந்தக் கட்சிதான். அந்த வசனத்தில் பட்டியல் யானைத் தந்தம், குரங்கு, துக்கி என்று போகிறது. அங்கே துக்கி மயிலே அல்ல, எகிப்தியச் சொல்லான ஒரு வகைக் குரங்கு என்பது அமெரிக்க விவிலிய ஆய்வாளர் ஆல்பிரைட்டின் வாதம். பொருளே உறுதியாகாத சொல்லை வைத்து மயில் ஏற்றுமதிக்கு நாள் குறிக்க முடியாது.

மயூர வழக்கில் அடிக்கடி ஆஜராகும் ஒரு சாட்சியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அசோகரின் முதல் பாறைக் கல்வெட்டு, அரண்மனை மடைப்பள்ளியில் முன்பு நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது இரண்டு மயிலும் ஒரு மானும் மட்டுமே என்கிறது. குஜராத்தின் கிர்நாரில் அந்த மயில் 'மோரா'. ஒடிசாவின் ஜௌகடாவில் 'மஜூலா'. கிழக்குப் பிரதியில் லகரம் இருக்கிறதே, மயிலுக்கு நெருங்கிவிட்டதே என்று தோன்றும். அதே பாறையில் அரசரைக் குறிக்கும் இடத்தைப் படியுங்கள். 'ராஜா' அங்கே 'லாஜா' என்று செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த வட்டார வழக்கு எல்லா ரகரத்தையும் லகரமாக்கிவிடும்; மஜூலாவின் லகரம் மயிலிடமிருந்து வந்ததல்ல.